ஆப்பிரிக்க வேட்டைக்குத் துப்பாக்கியும் சாமானும்: என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

நமீபியாவின் விண்ட்ஹூக் நகரத்துக்கு வேலைக்கு வந்து பல வருடம் ஆகிறது. கூட வேலை பார்த்தவர் ஒரு ஜூன் மாதக் காலையில் தன் பக்கியில் (பின்பக்கம் திறந்த வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஏற்றிக்கொண்டு ஒரு வேட்டைப் பண்ணைக்குப் போனார். அன்றிலிருந்து வருடம் தவறாமல் போகிறேன். டொராண்டோ, மெல்போர்ன் பக்கம் லைசென்ஸோடு வேட்டைக்குப் போகிற நண்பர்கள் சிலர் உண்டு. அவர்களும் அவர்களுடைய நண்பர்களும் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

முதல்ல இதைச் சொல்லுங்க, ஆப்பிரிக்காவுல எல்லா நாட்டுலயும் வேட்டை சட்டப்படி சரியா?

இல்லை. கென்யா 1977-லேயே தடை செய்துவிட்டது. போட்ஸ்வானா 2014-ல் நிறுத்தி 2019-ல் மறுபடி அனுமதித்தது. தென்னாப்பிரிக்கா, நமீபியா, ஜிம்பாப்வே, ஜாம்பியா, மொசாம்பிக், தான்சானியா ஆகிய நாடுகளில் அனுமதி உண்டு. வெளிநாட்டுக்காரர் தனியாகப் போய்ச் சுட முடியாது. லைசென்ஸ் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர் ஒருவர் கூடவே வருவார். அவரை எல்லோரும் பி.எச். என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் கீழே அப்படியே எழுதுகிறேன்.

அண்ணா, ஒரே ஒரு ரைஃபிள்தான் வாங்க முடியும்னா எதை வாங்கறது?

எந்த மிருகத்துக்குப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். இம்பாலா, குடு, ஓரிக்ஸ், வரிக்குதிரை, வார்ட்ஹாக் என்று சமவெளி மிருகங்களுக்கு மட்டும் என்றால் .30-06 போதும். 1906-ல் வந்த தோட்டா. ஆப்பிரிக்காவில் எந்தச் சின்ன ஊர்த் துப்பாக்கிக் கடையிலும் கிடைக்க வாய்ப்புள்ளது. விமானத்தில் உங்கள் தோட்டாப் பெட்டி காணாமல் போனால் அதன் அருமை தெரியும்.

எருமை என்றாவது ஒருநாள் பட்டியலில் வரும் என்றால் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம். 1912-ல் வந்தது, இன்னும் அதை ஓரங்கட்ட ஒன்றும் வரவில்லை. 300 கிரெய்ன் குண்டு, அதாவது சுமார் 19.4 கிராம், வினாடிக்கு 770 மீட்டர் வேகத்தில் போகும். அதே துப்பாக்கியால் இருநூறு மீட்டரில் நிற்கிற குடு மானையும் சுடலாம். என்னிடம் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

ஏற்கெனவே .308 வச்சிருக்கேன். மான் வகைக்கு அது போதுமா, இல்ல புதுசு வாங்கணுமா?

போதும், வாங்க வேண்டாம். நமீபியச் சட்டம் காலிபரை, அதாவது குழலின் உள்விட்டத்தை, பார்ப்பதில்லை. குழலை விட்டுக் கிளம்பும்போது குண்டுக்கு இருக்கிற ஆற்றலைத்தான் பார்க்கிறது. ஸ்பிரிங்பாக், டைக்கர் போன்ற சின்ன மிருகங்களுக்குக் குறைந்தது 1350 ஜூல். குடு, ஓரிக்ஸ், ஈலண்ட், ஹார்ட்டபீஸ்ட், வில்டபீஸ்ட் என்றால் 2700. எருமை, யானைக்கு 5400. .308 சுமார் 3500 ஜூல் தரும். .30-06 அதைவிடக் கொஞ்சம் கூட. .375 தாராளமாக 5700-ஐ எட்டும்.

இங்கே பண்ணைகளில் 9.3x62 நிறையப் பார்க்கலாம். 1905-ல் ஆட்டோ போக் என்ற பெர்லின் துப்பாக்கி செய்பவர் உருவாக்கியது, ஜெர்மன் குடியேறிகளோடு வந்து இங்கேயே தங்கிவிட்டது. மான் வகைக்கு அருமையான தோட்டா. ஆனால் வழக்கமான தோட்டாவில் 5400 ஜூலைத் தொடாது. அதனால் நமீபியாவில் எருமைக்கு அதைக் கொண்டுவந்து ஏமாறாதீர்கள்.

.375-ஐ விடப் பெருசா எடுத்தா இன்னும் பாதுகாப்புதானே? .458 லாட் வாங்கலாம்னு இருக்கேன்.

இந்தக் கேள்விக்குத்தான் மனது கிடந்து அடித்துக்கொள்ளும். .458 லாட் நல்ல தோட்டா. மொசாம்பிக்கில் எருமையிடம் அடிபட்ட ஜாக் லாட் என்பவர், .458 வின்செஸ்டர் போதவில்லை என்று 1971-ல் உருவாக்கியது. 500 கிரெய்ன் குண்டு. சுடும்போது தோளில் விழும் உதை என்று பார்த்தால் .30-06-ஐப் போல மூன்று மடங்குக்கு மேல். .375-இன் உதை .30-06-ஐப் போல இரண்டு மடங்கு, அதையே பழக ஒரு மாதம் ஆகும்.

ஒரு தடவை முகாமுக்கு வந்த முதல் நாள் மாலை, ஒரு நண்பர் புது லாட்டை ஸீரோ பார்க்க (குறிவைத்த இடத்தில்தான் குண்டு விழுகிறதா என்று சரிபார்க்க) உட்கார்ந்தார். நூறு மீட்டரில் அட்டைப் பெட்டி. மூன்று குண்டு, மூன்றும் மூன்று ஊரில். பி.எச். ஒன்றும் சொல்லவில்லை. துப்பாக்கியை வாங்கித் திரும்பி நின்று ஏதோ போட்டு, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் இரும்பு உருளை) மூடிக் கையில் கொடுத்தார். நண்பர் விசையை இழுத்தார், 'டிக்' என்று மட்டும் சத்தம் வந்தது. உள்ளே இருந்தது வெடிமருந்து இல்லாத வெற்றுத் தோட்டா. அந்த 'டிக்'குக்கே குழல் முனை ஒரு சாண் கீழே குத்தியது, அவர் இரண்டு கண்ணையும் இறுக்க மூடியிருந்தார். மறுநாள் அவர் முகாமின் .375-ஐ எடுத்துக்கொண்டு போனார், அந்த வாரமே எருமையை ஒரே குண்டில் எடுத்தார்.

ஆகவே என் பதில்: வாங்குவதற்கு முன்னால் இந்த வெற்றுத் தோட்டாச் சோதனையை ஒரு நண்பரை வைத்துச் செய்து பாருங்கள். கண் மூடாமல், முனை அசையாமல் சுட முடிகிற அளவில் எது பெரியதோ, அதுதான் உங்கள் துப்பாக்கி. .416 ரிக்பியோ .416 ரெமிங்டனோ அந்தச் சோதனையில் தேறினால் தாராளமாக எடுங்கள். தேறாதது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

ஏழு மில்லிமீட்டர் துப்பாக்கியாலயே யானை சுட்டிருக்காங்களே, அப்புறம் எதுக்கு இவ்வளவு பெரிசு?

கரமோஜோ பெல் என்ற அந்தக் காலத்து யானை வேட்டைக்காரரைச் சொல்கிறீர்கள். ஆமாம், .275 ரிக்பியால் நிறைய யானைகளைச் சுட்டார். 7x57 மவுசர் என்ற ஏழு மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ரிக்பி என்ற லண்டன் துப்பாக்கி நிறுவனம் வைத்த பெயர் அது. ஜிம் கார்பெட்டும் குமாவோனில் ஒரு .275 ரிக்பி வைத்திருந்தார். பெல் யானையின் மண்டை ஓட்டுக்குள் மூளை எங்கே இருக்கிறது என்று அறுத்துப் பார்த்துப் படித்தவர், வேட்டையே பிழைப்பாக வாழ்ந்தவர். ஒரு வார விடுமுறையில் வருகிற நாம் அந்தக் கணக்கில் சேர மாட்டோம். இன்றைய சட்டமும் விடாது, மேலே சொன்ன 5400 ஜூலைப் பாருங்கள்.

டபுள் ரைஃபிள் எப்படி? பார்க்கவே ராஜா மாதிரி இருக்கு.

பார்க்க அழகுதான். இரண்டு குழல், இரண்டு விசை, கண்மூடித் திறப்பதற்குள் இரண்டாவது குண்டு. புதருக்குள் பத்து மீட்டரில் காயப்பட்ட எருமையைத் தேடுகிற பி.எச். கையில் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இருப்பதற்குக் காரணம் அதுதான். அது அவர் வேலைக்கான கருவி. நீங்கள் முதல் குண்டை ஐம்பது, எண்பது மீட்டரில் நிதானமாக வைக்க வேண்டியவர், அதற்கு ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) போட்ட போல்ட் ரைஃபிள் மேல். விலையும் ஒரு காரின் விலை.

மவுசர் மாதிரி போல்ட்தான் வேணும்னு சிலர் அடிச்சு சொல்றாங்களே, உண்மையா?

மவுசர் 98 என்ற ஜெர்மன் ரைஃபிளின் போல்ட்டில் பெரிய நகம் போன்ற கொக்கி ஒன்று இருக்கும். தோட்டா மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டி) எழும்பியவுடனே அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழலின் பின்னால் உள்ள அறைக்குள் கொண்டுபோகும். பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளிவிட்டு இழுத்தாலும் அந்தத் தோட்டா திரும்ப வந்துவிடும். மற்ற வகையில் அது உள்ளேயே தங்க, அடுத்த தோட்டா அதன் பின்னால் போய் முட்டும். எருமைக்கு மவுசர் வகையையே எடுங்கள், மானுக்கு எதுவானாலும் சரி. எந்த வகையானாலும் மேகசினை நிரப்பி, தோளிலிருந்து எடுக்காமலே போல்ட்டை வேகமாக இயக்கி நூறு முறையாவது பழகிவிட்டு வாருங்கள்.

குண்டுல சாஃப்ட், சாலிட்னு சொல்றாங்க. எதை எப்போ போடறது?

சாஃப்ட் என்றால் உள்ளே போனதும் முனை காளான் போல விரியும். சாலிட் விரியாது, எலும்பை உடைத்துக்கொண்டு நேராகப் போகும். மான் வகைக்குச் சாஃப்ட் மட்டும். யானைக்குச் சாலிட். எருமைக்குப் பலரும் செய்வது: முதல் தோட்டா சாஃப்ட், மேகசினில் மீதியெல்லாம் சாலிட். முதல் குண்டில் எருமை பெரும்பாலும் கூட்டத்தோடு நிற்கும். சாலிட் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே போய், பின்னால் நிற்கிற இன்னொன்றைக் காயப்படுத்தும். ஓட ஆரம்பித்த பிறகு நீங்கள் பார்க்கப்போவது பின்பக்கம்தான். அங்கிருந்து நெஞ்சு வரை போக சாலிட்டால்தான் முடியும்.

துப்பாக்கியில் மிச்சம் பிடித்தாலும் பிடியுங்கள், குண்டில் பிடிக்காதீர்கள். 1946-ல் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவில் ஒரு மூஸை (அந்தப் பக்கத்துப் பெரிய மான்) எத்தனையோ தடவை சுட்டும், அந்தக் காலத்துக் குண்டு மேற்தோலிலேயே சிதறியது. அந்த எரிச்சலில் அவர் செய்ததுதான் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டு. முன்பாதி விரியும், பின்பாதி முழுசாக நின்று துளைக்கும். ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேமும் அந்த வழியில் வந்தது, பார்ன்ஸின் குண்டு முழுக்கச் செம்பு. இந்த மூன்றில் உங்கள் குழலுக்கு எது ஒரே இடத்தில் கூட்டுகிறதோ அதை எடுங்கள்.

இன்னொன்று. சாஃப்ட்டும் சாலிட்டும் உங்கள் துப்பாக்கியில் ஒரே புள்ளியில் விழுகிறதா என்று வீட்டிலேயே சுட்டுப் பாருங்கள். முகாமுக்கு வந்து ஒரு சாண் வித்தியாசம் என்று கண்டுபிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை எக்ஸ் ஸ்கோப் வாங்கணும்?

எருமைக்கு 1-6x24 போன்றது, அதாவது ஒன்றிலிருந்து ஆறு மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுவது, முன்கண்ணாடி 24 மில்லிமீட்டர். ஒன்றில் வைத்தே நடங்கள், அடர்ந்த புதரில் பெரிய எக்ஸில் பார்த்தால் கறுப்பு ரோமம் மட்டும்தான் தெரியும். சமவெளிக்கு 3-9x40 தாராளம். .375-க்கு மேலே போனால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடைவெளி அதிகம் கொடுக்கிற மாடல் வேண்டும், இல்லாவிட்டால் புருவத்தில் பிறை வடிவத் தழும்பு நிச்சயம். பைனாகுலர் 8x42 அல்லது 10x42. ஸ்கோப்புக்குச் செலவழிக்கும் அளவு இதற்கும் செலவழியுங்கள், நாள் முழுக்கக் கண்ணில் இருக்கப்போவது இதுதான்.

ரேஞ்ச்ல நல்லாத்தான் சுடறேன். அங்க போய் ஏன் எல்லாரும் சொதப்பறாங்க?

ரேஞ்சில் மேஜை மீது மணல் பை வைத்துச் சுடுகிறீர்கள். இங்கே மேஜை கிடையாது, முழங்கால் உயரப் புல், முள். பி.எச். கையில் மூன்று கால் குச்சி ஒன்று இருக்கும், முக்காலி போல விரியும். அவர் சட்டென்று நட்டு, 'இடது பக்கமிருந்து இரண்டாவது' என்று கிசுகிசுப்பார். அதன் கவட்டையில் துப்பாக்கியை வைத்து நின்றபடி சுட வேண்டும். மிருகம் ஐந்து வினாடிகூட நிற்காது.

மூன்று மூங்கில் கம்பை மேலே ரப்பரால் கட்டினால் முக்காலி தயார். கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள். முதல் மாதம் தோட்டா இல்லாமல் வீட்டிலேயே: துப்பாக்கி காலிதானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, குச்சியை நடு, துப்பாக்கியை வை, மூச்சை விடு, விசையை அழுத்து. தினமும் இருபது தடவை. அப்புறம் ரேஞ்சில் .22 வைத்து. கடைசியாகத்தான் பெரிய துப்பாக்கி, ஒரு நாளைக்குப் பத்துத் தோட்டாவுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் மேலே சொன்ன கண் மூடும் வியாதி வந்துவிடும். புதுத் துப்பாக்கிக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் பாதியைப் பயிற்சித் தோட்டாவுக்கு ஒதுக்கியவர்கள் யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

அங்க மிருகத்தோட உடம்பு வேற மாதிரி, வேற இடத்துல சுடணும்னு சொல்றாங்க. நிஜமா?

வட அமெரிக்காவில் மான் சுட்டுப் பழகியவர்கள் தோள்பட்டைக்குப் பின்னால் குறிவைப்பார்கள். இங்கே இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் கீழே, முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலோடு கோடு போல மேலே வந்து, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். ஓரிக்ஸுக்கு முதுகின் மேலே திமில் போன்ற உயரம் உண்டு. கண் அதையும் உடம்பாகக் கணக்குப் போட்டு, குண்டு மேலே போய்விடும். பி.எச். வைத்திருக்கும் உறுப்புப் படங்களை வாங்கிப் பார்த்து, கோணலாக நிற்கும்போது எந்தப் பக்கத் தோளில் குண்டு வெளியே வரும் என்று யோசித்துப் பழகுங்கள்.

உடை என்ன? மிலிட்டரி டிசைன் வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். ஜிம்பாப்வே, ஜாம்பியா போன்ற நாடுகளில் பொதுமக்கள் ராணுவ டிசைன் உடுத்துவது குற்றம். மங்கிய பச்சை, காக்கி, பழுப்பு எடுங்கள். கருநீலமும் கறுப்பும் செட்ஸி ஈயை (கடித்துத் தூக்க நோயைப் பரப்பும் ஈ) கூப்பிடும். ஈயைப் பிடிக்கிற பொறிகளையே அந்த நிறத் துணியில்தான் செய்கிறார்கள்.

மூன்று செட் போதும், முகாமில் தினமும் துவைத்து இஸ்திரி போட்டுத் தருவார்கள். இஸ்திரியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். காயப்போட்ட ஈரத்துணியில் புட்சி ஈ முட்டையிடும், அதிலிருந்து வரும் புழு தோலுக்குள் புகுந்து கட்டியாகும், இஸ்திரிச் சூட்டில்தான் முட்டை சாகும். ஜூன், ஜூலை காலையில் திறந்த பக்கியில் போகும்போது பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும். கையுறை, குல்லா, தடித்த ஸ்வெட்டர் மூன்றும் கட்டாயம். பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் போட்டுவிடுவீர்கள்.

ஷூ?

பழகிய ஷூ. ஒரு மாதமாவது போட்டு நடந்தது. அடி மெத்தென்று இருந்தால் காய்ந்த இலையில் சத்தம் வராது. முட்களைப் பற்றி ஒரு வார்த்தை: இங்கே 'கொஞ்சம் நில்' என்ற அர்த்தத்தில் ஆப்பிரிகான்ஸ் மொழியில் பெயர் வைத்த ஒரு முள்மரம் உண்டு. நம் இலந்தையின் இனம்தான். ஒரு முள் நேராக, பக்கத்து முள் வளைந்து. சட்டையைப் பிடித்தால் நின்று, பின்னால் நகர்ந்துதான் விடுவிக்க வேண்டும். இழுத்தால் துணி போகும். இலந்தைப் பழம் பறித்த கைக்கு இது புதிதில்லை.

விமானத்துல துப்பாக்கி கொண்டுவர்றது பெரிய தலைவலியா?

தாள்கள் சரியாக இருந்தால் தலைவலி இல்லை. பூட்டுப் போட்ட கெட்டிப் பெட்டியில் துப்பாக்கி, தோட்டா தனியாக, ஆளுக்கு 5 கிலோவுக்குள். .375 தோட்டா அறுபது எடுத்தாலும் மூன்று கிலோவை ஒட்டித்தான் வரும், ஒரு வாரத்துக்கு அது மிக அதிகம். வழியில் இறங்கி மாறும் நாட்டுக்கும் தனி அனுமதி வேண்டியிருக்கலாம், டிக்கெட் எடுக்கும் முன்பே கேளுங்கள்.

தென்னாப்பிரிக்காவுக்கு எஸ்.ஏ.பி.எஸ். 520 என்ற அந்நாட்டுப் போலீஸ் படிவம். கறுப்பு மையில் நிரப்புங்கள், கையெழுத்தை மட்டும் போலீஸ் அதிகாரி முன்னால் போடுங்கள். வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்து விமான நிலையத்தில் மறுபடி முதலிலிருந்து எழுதியவர்கள் உண்டு. ஒரு காலிபருக்கு ஒரு துப்பாக்கிதான். நமீபியாவில் ஹோசியா குடாகோ விமான நிலையத்தில் இறங்கியதும் போலீஸ் மேஜையில் அனுமதி தருவார்கள். கைத்துப்பாக்கி கூடாது.

இதெல்லாம் வேண்டாம், அங்கேயே வாடகைக்கு எடுக்கலாமா?

தாராளமாக. முதல் பயணம், சமவெளி மிருகம் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்: எந்தக் காலிபர், எந்த ஸ்கோப், எந்தக் குண்டு, இடது கைக்காரருக்கு உண்டா. வந்த முதல் மாலை பத்துத் தோட்டா சுட்டு ஸீரோ பார்க்காமல் காட்டுக்குக் கிளம்பாதீர்கள். எருமைக்கு என்றால் வீட்டில் அதே காலிபரை யாரிடமாவது வாங்கிப் பழகியிருக்க வேண்டும்.

மருந்து என்ன எடுத்துக்கணும்?

லிம்போபோ தாழ்நிலம், ஜாம்பெசிப் பள்ளத்தாக்கு பக்கம் என்றால் மலேரியா மாத்திரை வேண்டும், கிளம்பும் முன் டாக்டரைப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சலையும் அவரிடம் சொல்லி வையுங்கள். ராத்திரி குளிக்கும்போது இடுப்பு, அக்குள், முழங்காலுக்குப் பின்னால் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

எருமை காயத்தோட புதருக்குள்ள போயிடுச்சுன்னா நான் என்ன செய்யணும்?

சுட்டவுடனே அடுத்த தோட்டாவை ஏற்றி மறுபடி சுடுங்கள், கண்ணில் தெரிகிற வரை சுட்டுக்கொண்டே இருங்கள். முதல் குண்டு நன்றாக விழுந்தது என்று நினைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பெரிய தப்பு. மறைந்த பிறகு பி.எச். சொல்வதுதான் சட்டம். அவர் அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். சில சமயம் உள்ளேயிருந்து நீண்ட, அடித்தொண்டை முனகல் ஒன்று கேட்கும், அது எருமையின் கடைசிச் சத்தம். கேட்கவில்லையென்றால் தடம் பார்ப்பவர் முன்னால் போவார். அவர் கையில் ஒரு சின்னத் துணி முடிச்சு இருக்கும், உள்ளே சாம்பல். இரண்டு எட்டுக்கு ஒரு தரம் உதறி, காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். அவரிடம் துப்பாக்கி இருக்காது. நீங்கள் எந்தக் காலிபர், எந்தக் குண்டு எடுத்தீர்கள், எத்தனை நாள் முக்காலியில் பழகினீர்கள் என்பதெல்லாம் அவர் உயிர் மேல் வந்து நிற்கிற இடம் இது. மேலே அவ்வளவு வற்புறுத்தி எழுதியது இதை நினைத்துத்தான்.

விழுந்து கிடந்தாலும் முன்பக்கமாகப் போகாதீர்கள். பின்பக்கமாக, மெதுவாக, விசைக்குப் பக்கத்தில் விரல். பி.எச். நீளமான குச்சியாலோ குழல் முனையாலோ திறந்த கண்ணைத் தொட்டுப் பார்ப்பார். இமை அசையவில்லை என்றாலும் இன்னொரு குண்டு கேட்பார். தோட்டா வீண் என்று தயங்காமல் போடுங்கள். அதன் பிறகு அவர் தலையசைத்தால் தோட்டா அறையைக் காலி செய்துவிட்டுத் துப்பாக்கியை மரத்தில் சாத்தலாம்.